கருங்குழி வீடும் நம்ம பெரியம்மா திண்ணையும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் முன்னாள் செயலாளர் பேசிய பேச்சின் எழுத்து வடிவம்)



நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு நேரா "வடலூர் சென்றுவந்த அனுபவம்" என்று போட்டிருக்கு. அதைத்தான் பேசப்போறேன். ஆனால் அது முடிகிற இடத்தில் நம்ம பழைய ஓட்டு வீட்டு விஷயமும் வரும். மத்தியானம் பொதுக்குழுவில் அந்தத் தீர்மானம் வருது. அதுக்கு முன்னாடி நான் சொல்லவேண்டியது ஒன்று இருக்கு. அதைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

முதலில் பயணம். புவனகிரியிலிருந்து வடலூருக்கு நேரா பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனா நம்ம ஆயா ஒருத்தர், எழுபது வயசைத் தாண்டினவர், "நான் இன்னும் ரயில்ல ஏறினதே இல்லடி" என்றார். நம்ம ஊரில் ரயில் கிடையாது. சிதம்பரமோ பரங்கிப்பேட்டையோ போகணும். அதனால் குறிஞ்சிப்பாடி வரை பஸ்ஸில் போய், அங்கே விருத்தாசலம் போகும் பாசஞ்சரைப் பிடித்து வடலூரில் இறங்கினோம். பக்கத்து ஸ்டேஷன்தான். ஏறி உட்கார்ந்து பையைக் கீழே வைப்பதற்குள் வடலூர் வந்துவிட்டது. ஆயாவுக்குக் கோபம். "இதுக்காடி டிக்கெட் எடுத்தீங்க" என்று கேட்டார். திரும்பும்போது கடலூர் வரை ரயிலிலேயே கூட்டிவந்தோம், சமாதானமானார்.

வடலூரில் எல்லாரும் பார்ப்பது சத்திய ஞான சபையும் தருமச்சாலையும். தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும். நாங்கள் கூட்டமில்லாத நாளாகப் பார்த்துப் போனதால் நின்று பார்க்க முடிந்தது. தருமச்சாலை அடுப்பை மட்டும் நான் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். 21 அடி நீளம், இரண்டரை அடி அகலம். 1867ஆம் வருஷம் மே 23ஆம் தேதி வள்ளலார் ஏற்றி வைத்த அடுப்பு. அன்றிலிருந்து அணையாமல் காத்துவருகிறார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு மேல். நம்மில் எத்தனை பேர் சத்துணவுக் கூடத்தில் சமைத்தவர்கள், கல்யாண வீட்டில் பாத்திரம் தேய்த்தவர்கள். பெரிய அடுப்பு என்றால் என்ன, சாம்பல் வாருவது என்றால் என்ன, விடியற்காலை விறகு ஈரமாக இருந்தால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அந்த அடுப்புக்கு முன்னால் நின்றபோது எனக்குச் சாமி ஞாபகத்தைவிட, இத்தனை வருஷமாக அதில் விறகு தள்ளினவர்கள் ஞாபகம்தான் வந்தது.

ஆனால் நான் பேச வந்தது அதைப் பற்றி இல்லை. அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து கருங்குழிக்குப் போனோம். பக்கத்துக் கிராமம்தான். அங்கே ஒரு சின்ன வீடு. வள்ளலார் சுமார் ஒன்பது வருஷம் தங்கியிருந்த வீடு.

வள்ளலார் நம்ம பக்கத்துக்காரர் என்பது எல்லாருக்கும் தெரியும். 1823 அக்டோபர் 5ஆம் தேதி மருதூரில் பிறந்தார். அப்பா இராமையா பிள்ளை, ஊர்க் கணக்கு பார்த்தவர். அம்மா சின்னம்மை. குழந்தை கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார். சின்னம்மை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பொன்னேரிப் பக்கம் தன் பிறந்த ஊருக்குப் போய், பிறகு சென்னைக்குப் போனார். ஐந்து பிள்ளை, தாலி இல்லை, சொத்தும் பெரிதாக இல்லை. அந்தக் காலத்தில் குழுவும் கிடையாது, உள்கடனும் கிடையாது. அந்த அம்மா எப்படிச் சமாளித்திருப்பார் என்று யாரும் விரிவாக எழுதி வைக்கவில்லை.

அப்புறம் அண்ணி. படிக்கப் போகாமல் கோயில் கோயிலாகச் சுற்றுகிறான் என்று அண்ணன் கோபித்துக்கொண்டு தம்பிக்குச் சோறு போடக்கூடாது என்று சொல்லிவிட, அண்ணி பாப்பாத்தியம்மாள்தான் புருஷனுக்குத் தெரியாமல் கூப்பிட்டுச் சோறு போட்டார் என்று வரலாற்றில் சொல்கிறார்கள். பசிக்குச் சோறு போடுவதே பெரிய தருமம் என்று பின்னால் நாட்டுக்கே சொன்ன மனுஷன், பின்கட்டில் உட்கார்ந்து அண்ணி கையால் சாப்பிட்டவர்.

சென்னையை விட்டு 1858 வாக்கில் இந்தப் பக்கம் வந்தார். கருங்குழி மணியக்காரர் வேங்கட ரெட்டியார் தன் வீட்டில் வந்து தங்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். மணியக்காரர் என்றால் ஊரில் தீர்வை வசூல் பண்ணும் அதிகாரி. செல்வாக்கான குடும்பம். அந்த வீட்டில் இருந்துகொண்டுதான் திருவருட்பாவில் ஏராளமான பாட்டுகளை எழுதினார். 1865இல் சன்மார்க்க சங்கத்தை அங்கிருந்தபோதுதான் தொடங்கினார். சிதம்பரத்துக்குப் போவதும் வருவதும் அந்த வீட்டிலிருந்துதான். 1867இல் வடலூருக்குப் போனார். 1870இல் மேட்டுக்குப்பம். அங்கேதான் 1874 ஜனவரி 30ஆம் தேதி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். 1878இல் வந்த தென்னார்க்காடு மாவட்டக் கையேட்டில் கார்ஸ்டின் என்ற வெள்ளைக்கார அதிகாரி அதை எழுதி வைத்திருக்கிறார். மேட்டுக்குப்பத்து வீட்டைப் பற்றிப் பேசினால் பொழுது போய்விடும். கருங்குழிக்கு வருகிறேன்.

கருங்குழி வீட்டை "தண்ணீரில் விளக்கெரிந்த வீடு" என்று சொல்வார்கள். கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ராத்திரி எல்லாம் விளக்கு வைத்துக்கொண்டு எழுதுவார். பக்கத்தில் எண்ணெய்க் கலயம் இருக்கும். விளக்கு மங்கினால் தானே எடுத்து ஊற்றிக்கொள்வார். ஒரு நாள் பழைய கலயம் உடைந்துபோக, ரெட்டியார் மனைவி முத்தியாலம்மாள் புதுக் கலயம் வாங்கிவந்து, அதைப் பழக்குவதற்காகத் தண்ணீர் ஊற்றி அங்கே வைத்திருந்தார். இவர் எழுதுகிற கவனத்தில் அது எண்ணெய் என்று நினைத்து எடுத்து எடுத்து ஊற்றினார். விளக்கு விடிய விடிய எரிந்தது. இதுதான் கதை. சென்னை நண்பர்களுக்கு எழுதின ஒரு பாட்டில் தண்ணீர் விளக்கு எரிந்ததை அவரே குறிப்பிட்டிருக்கிறார்.

நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது வேற. மண் கலயம் பழக்குவது. புதுச்சட்டி வாங்கினால் உடனே எண்ணெய் ஊற்ற முடியுமா? மண் குடித்துவிடும். தண்ணீர் ஊற்றி வைத்துக் கொட்டி, மறுபடி ஊற்றி வைக்கணும். இது தெரிந்த ஒரு பொம்பளை அந்த வீட்டில் இருந்திருக்கிறார். ஒன்பது வருஷம் ராத்திரி விளக்குக்கு எண்ணெய் குறையாமல் பார்த்தவர், திரி திரித்தவர், சாப்பாடு வைத்தவர். அந்த ஒரு நாள் கலயம் மாறினதால் அவர் பெயர் நமக்குத் தெரிகிறது. மற்ற நாளெல்லாம் சரியாக எண்ணெய் ஊற்றி வைத்ததற்குப் பெயர் கிடைக்கவில்லை. நான் இதை அங்கேயே சொன்னேன். ஆயா சொன்னார், "நம்ம வேலை எல்லாம் அப்படித்தாண்டி, தப்பினாத்தான் தெரியும்."

இப்போ அந்த வீடு இன்னும் நிற்பதற்குக் காரணம் என்ன? ஊர்க்காரர்கள் விடவில்லை. அதேபோல வடலூரில் தருமச்சாலையும் பெருவெளியும் இருப்பதற்கும் ஒரு காரணம் இருக்கு. அந்த இடம் அன்றைக்குப் பார்வதிபுரம் என்ற ஊர். அந்த ஊர் ஜனங்கள் கூடி 80 காணி நிலத்தை வள்ளலார் காரியத்துக்கென்று 1867இல் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு காணி நம்ம கணக்கில் ஒன்றே கால் ஏக்கருக்கு மேல் வரும். அப்படியானால் நூறு ஏக்கரைத் தாண்டுகிறது. வாயால் "எடுத்துக்கங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். 2024 பிப்ரவரியில் வள்ளலார் சர்வதேச மையத்துக்கு அடிக்கல் வைத்தபோது, பெருவெளியில் கட்டடம் வரக்கூடாது என்று பார்வதிபுரத்துக்காரர்கள் எழுந்து நின்றார்கள். விஷயம் நீதிமன்றம் வரை போனது. கட்டணுமா வேண்டாமா என்பதற்குள் நான் போகவில்லை. ஆனால் எங்க பாட்டன் பூட்டன் கொடுத்தது, எதுக்குக் கொடுத்தாங்கன்னு தெரியும் என்று இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஊர்க்காரர்களால் பேச முடிகிறது. எழுத்து இருப்பதால் முடிகிறது.

இங்கேதான் என் தப்பு வருகிறது.

நம்ம கூட்டமைப்பு இன்றைக்கு உட்காருகிற ஓட்டு வீடு யாருடையது? மேலத்தெருப் பெரியம்மாவுடையது. புதிதாக வந்த உறுப்பினர்களுக்கு அவரைத் தெரியாது. முதல் குழு ஆரம்பித்தபோது, நம்மை யாரும் வீட்டுக்குள் விடவில்லை. "பத்துப் பொம்பளைங்க கூடி என்ன பண்ணப் போறீங்க" என்று கேட்ட காலம். கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தால் ஆம்பளைகள் முறைப்பார்கள். பள்ளிக்கூடத்தில் சாவி கொடுக்கமாட்டார்கள். பெரியம்மா தன் திண்ணையைப் பெருக்கி, சாணி தெளித்து, "வந்து உக்காருங்க, யார் கேக்கிறான் பாக்கிறேன்" என்றார். அவர் வாரம் பத்து ரூபாய் சேமித்தவர். கையெழுத்துப் போடத் தெரியாது. தீர்மானப் புத்தகத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, மை காய்கிற வரைக்கும் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருப்பார், நோட்டில் இழுவிவிடக் கூடாது என்று.

பிறகு முன்கட்டையும் நமக்கே விட்டார். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயலில் ஓடெல்லாம் பறந்தது. நம்ம வீட்டு ஓடும் பறந்துதான் கிடந்தது. இருந்தாலும் நாமெல்லாம் ஆளுக்கு ஒரு நாள் வேலைக்கு வந்து, ஓடு பொறுக்கி, முந்திரித் தோப்பில் விழுந்த மரத்தில் சட்டம் அறுத்து, அந்தக் கூரையைத் திரும்பப் போட்டோம். ஞாபகம் இருக்கா அக்காமார்களே? வாடகை கேட்டதில்லை. நாம் கரண்ட் பில் மட்டும் கட்டினோம். "நான் இருக்கிற வரைக்கும் மட்டுமில்ல, எனக்குப் பின்னாடியும் இது உங்களுக்குத்தான்" என்று எத்தனை தடவை எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார்.

அப்போ நான் செயலாளர். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள், சொத்து என்றால் பத்திரம் வேணும் என்று. எனக்குத் தெரியும். இரண்டு மூன்று தடவை கேட்கணும் என்று போனேன். போகும்போதெல்லாம் பெரியம்மா டீ போட்டுக் கொடுப்பார். டீயைக் குடித்துக்கொண்டு "எழுதிக் குடுங்க" என்று எப்படிக் கேட்பது? சாகப்போகிறவளிடம் சொத்தை எழுதி வாங்க வந்தாள் என்று நினைத்துவிடுவாரோ என்று வெட்கம். அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று தள்ளினேன். பெரியம்மா போய்ச் சேர்ந்தார். தப்பு என்னுடையது. இந்த மேடையில் சொல்லணும் என்றுதான் இருந்தேன்.

பொங்கலுக்கு அவருடைய மகன்கள் இரண்டு பேரும் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். "வீட்டை வித்துடலாம்னு இருக்கோம் அக்கா, நீங்க வாங்கிக்கிறதா இருந்தா முதல்ல உங்ககிட்டதான் கேக்கிறோம்" என்றார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கும் கடன் இருக்கு. அதிலிருந்துதான், வாங்கி இடித்துவிட்டு மாடி போட்டுக் கீழே கடை விடலாம் என்று ஒரு பேச்சும், வேண்டாம் காலி பண்ணிவிடலாம் என்று ஒரு பேச்சும் நம்மிடையே ஓடுது.

நான் சார்பதிவாளர் அலுவலகத்துப் பக்கம் பத்திரம் எழுதும் ஒருவரிடமும், இலவச சட்ட உதவி வக்கீல் அம்மாவிடமும் போய்க் கேட்டேன். கேட்டதைச் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்கும் இது உதவும். வீட்டை, நிலத்தை வாய்வார்த்தையாகத் தானம் கொடுத்தால் செல்லாது. எழுதி, கொடுப்பவர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, இரண்டு சாட்சி போட்டு, பதிவு பண்ணணும். 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்திலேயே அப்படி இருக்கு. எத்தனை பேர் முன்னாலும் சொல்லியிருக்கட்டும், சொன்னது சொன்னதுதான், சொத்து மாறாது.

இரண்டாவது விஷயம் எனக்கே தெரியாது. வீட்டுப் பட்டா பெரியப்பா பெயரில் இருந்தது. அவர் உயில் எழுதாமல் போனவர். அப்போ வீடு முழுக்கப் பெரியம்மாவுக்கு வரவில்லை. பெரியம்மாவுக்கு ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பங்கு. பெரியம்மா அன்றைக்கே எழுதிக் கொடுத்திருந்தாலும் தன் கால் பங்கைத்தான் கொடுத்திருக்க முடியும். இப்போ அந்தக் கால் பங்கும் பிள்ளைகளுக்குச் சமமாகப் போய்விட்டது. தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்று வாங்கினால் எல்லார் பெயரும் வரும். எல்லாரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்கவும் முடியும், கொடுக்கவும் முடியும்.

கணக்குப் போடத் தெரிந்தவர்கள் கவனித்திருப்பீர்கள். கால் பங்கு என்றேன். மகன்கள் இரண்டு பேர், பெரியம்மா ஒன்று, மூன்றுதானே? நாலாவது பங்கு மகளுக்கு. சேத்தியாத்தோப்புப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பொங்கலுக்கு விற்கலாம் என்று பேச வந்தவர்கள் அந்தத் தங்கச்சியைக் கேட்கவில்லை. அவர்கள் கேட்காதது கிடக்கட்டும். நாமும் கேட்கவில்லையே! இருபது வருஷம் பெண் உரிமை, பெண் சொத்து என்று ஊர்வலம் போன நாம், இந்த வீட்டுக்கு இரண்டு ஆம்பளைதான் சொந்தக்காரர் என்று நினைத்துத் தீர்மானம் எழுதி வைத்திருக்கிறோம். மத்தியானம் வரப்போகிற தீர்மானத்தைப் படித்துப் பாருங்கள், "வீட்டு உரிமையாளர்களான சகோதரர்கள் இருவரிடம்" என்று இருக்கும். அதை எழுதிக் கொடுத்ததும் நான்தான். கருங்குழியில் முத்தியாலம்மாளுக்காகப் பரிதாபப்பட்ட அதே ஆள்.

போன வாரம் அந்தத் தங்கச்சியைப் போய்ப் பார்த்தேன். அவளும் அந்த ஊரில் ஒரு குழுவில் இருக்கிறாள், ரொக்கப் புத்தகம் எழுதுகிறாள். அண்ணன்கள் விற்கப் பேசினது அவளுக்குத் தெரியாது. கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள், "எனக்கும் பணம் வேணும் அக்கா, இல்லேன்னு சொல்லமாட்டேன். பொண்ணு நர்சிங் படிக்கிறா. சும்மா எழுதிக் குடுன்னு கேக்காதீங்க. ஆனா அண்ணனுங்க வெளியாளுக்கு வித்தா நான் கையெழுத்துப் போடமாட்டேன். உங்களுக்குன்னா, எம்பங்குக்குத் தவணை குடுத்தாப் போதும்." எழுந்து வரும்போது வாசல் வரைக்கும் வந்து, "திண்ணைய மட்டும் இடிக்காதீங்க. அம்மா அங்கதான் உக்காந்து எனக்குத் தல பின்னும்" என்றாள்.

அதனால் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். மத்தியானத் தீர்மானத்தை இன்றைக்கு நிறைவேற்ற வேண்டாம், ஒத்தி வையுங்கள். மூன்று பேர் பெயரையும் போட்டு, மூன்று பேரையும் ஒரே நாளில் கூப்பிட்டு உட்கார வைப்போம். நம்ம கூட்டமைப்பு 1975ஆம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவானது, கூட்டமைப்புப் பெயரிலேயே சொத்து வாங்கலாம். தலைவி பெயரிலோ செயலாளர் பெயரிலோ வாங்கக் கூடாது. என் பெயரிலும் வேண்டாம். நிதியில் எவ்வளவு எடுக்கலாம் என்பது பொருளாளர் சொல்லட்டும், எனக்குத் தெரிந்து முழுத் தொகை கையில் இல்லை. தவணைக்கு மகன்கள் ஒத்துக்கொள்வார்களா, அதுவும் தெரியாது. ஒத்துக்கொள்ளாவிட்டால் பதினோரு மாச வாடகை ஒப்பந்தமாவது எழுதி வாங்கிக்கொண்டு மேற்கொண்டு யோசிப்போம். மாடி கட்டுகிற பேச்சு அப்புறம். கட்டணும் என்று முடிவானால் கட்டுங்கள், கடை வாடகை வந்தால் நல்லதுதான், நான் குறுக்கே நிற்கமாட்டேன். திண்ணை முன்னால் பத்தடி இருக்கு, அதை விட்டுவிட்டுப் பின்னால் கட்ட முடியுமா என்று கொத்தனாரைக் கூட்டிவந்து அளந்து பார்க்கலாம்.

இன்னொரு வேலை. முதல் குழுவின் முதல் தீர்மானப் புத்தகம், நீல அட்டை போட்ட நோட்டு, புயலுக்கு முன்னாடி அலமாரியில் இருந்தது. இப்போ இல்லை. பெரியம்மா கைநாட்டும், "கூட்டம் நடந்த இடம்" என்ற இடத்தில் அவர் வீடும் வாராவாரம் அதில் எழுதியிருக்கும். சட்டப்படி அதுக்கு மதிப்பு இல்லை என்று வக்கீல் அம்மா சொல்லிவிட்டார். ஆனா அந்த மூன்று பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசும்போது அந்த நோட்டு என் கையில் இருக்கணும். ஓடு மாற்றினபோது யாராவது நனையாமல் இருக்கட்டும் என்று வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பீர்கள். பரணையில், டிரங்குப் பெட்டியில், பிள்ளைகள் பழைய பாடப் புத்தகத்தோடு, எங்கேயாவது கிடக்கும். தேடிப் பாருங்கள். பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டோம் என்றாலும் பரவாயில்லை, திட்டமாட்டேன், சொல்லிவிடுங்கள், தேடுவதையாவது நிறுத்துகிறேன்.

பொருளாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சாம்பார் சாதம் வந்துவிட்டதாம். வடலூர் போய்வந்த செலவுக் கணக்கு, ஆயாவின் ரயில் டிக்கெட் உட்பட, அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கு. பார்த்துக்கொள்ளுங்கள்.